மண்டிக்காரர் பங்களா

குன்னத்திலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் முக்கில் நின்ற அந்த பங்களாவைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் பாவப்பட்டவர் அதைக் கட்டியவர்தான். ஆசை ஆசையாகக் கட்டினாராம், அதில் நிம்மதியாக வாழக் கொடுத்து வைக்கவில்லையாம், பெற்ற பிள்ளையை வாரிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போனாராம். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். அந்த வீட்டில் முதலில் செத்தது என் அம்மா. அவளை அந்தக் கதைகளில் பேயாக மட்டும்தான் சேர்த்திருந்தார்கள்.

கட்டியவருக்குப் பெரம்பலூரில் வெங்காய மண்டி. எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயம், பருத்தி எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். ஊருக்குள் அவர்களுக்கு நல்ல ஓட்டு வீடு இருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷம், இனி கலெக்டர் கார் இந்த வழியாகத்தான் போகும் வரும் என்று சொல்லி, ரோட்டோரத்துத் தரிசில் அடித்தளம் தோண்டினார். கீழே பெரிய கூடம், மேலே மாடி, முன்பக்கம் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு போர்ட்டிகோ. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்த வருஷம் அங்கேதான் வேலை.

அம்மா அங்கே சித்தாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சும்மாடு கட்டி, கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவாள். வாய் ஓயாது. கொத்தனார்கள் அவள் பேச்சைக் கேட்கவே அவள் கையால் கலவை வேண்டும் என்பார்கள். மாடி ஜன்னல்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஒருநாள், "இத்தனையும் தொடைக்கறதுக்கே ஒரு மருமவ வேணும்டி, பாவம் எவ வரப்போறாளோ" என்றாள். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றுவிட்டு வீட்டில் இருந்தேன். மறுபடி பரீட்சை வரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று என்னையும் கூட்டிப்போனாள். பாஸ் பண்ணிவிட்டால் நர்சு படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அந்த வருஷம் கார்த்திகை மழை விடவில்லை. இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் போர்ட்டிகோவுக்குத் தளம் போட்டார்கள். போட்டதும் மறுபடி தூறல். மேஸ்திரிக்கு அந்தத் தளத்தின்மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. மண்டிக்காரரோ தை பிறந்ததும் குடிபோக நாள் குறித்து, பத்திரிகை அடிக்கவும் கொடுத்துவிட்டார். முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகள் வாசலில் நின்றால் தரை போட முடியாது, வெள்ளையடிக்க முடியாது. அவருக்கு அதுதான் கவலை.

ஒரு சாயங்காலம் நான் தொட்டியடியில் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவரும் மேஸ்திரியும் பேசுவது கேட்டது.

"தளம் இன்னும் இறுகல மொதலாளி. முட்ட இப்ப எடுக்கக் கூடாது. கொஞ்சம் பொறுங்க" என்றார் மேஸ்திரி.

"வூடு என்னுதா ஒன்னுதா? நாளைக்கே பிரிச்சுடு. இல்லன்னா வேற ஆள வச்சுப் பிரிச்சுக்கறேன்."

மேஸ்திரி ஆட்களிடம் போய் நாளைக்கு முட்டுப் பிரிக்க வேண்டும் என்றார். அவருக்கும் நாலு பிள்ளைகள்.

மறுநாள் காலையில் முட்டுக் கம்புகளைத் தட்டி எடுத்தார்கள். பலகைகள் ஒவ்வொன்றாக விழ, அம்மா அடியில் போய் அவற்றை இழுத்து வெளியே அடுக்கினாள். என்னைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லிப் பின்பக்கம் அனுப்பினாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. இடி என்றுதான் நினைத்தேன். ஓடி வந்தபோது முன்வாசல் முழுக்க வெள்ளைப் புழுதி. அதற்குள்ளே யாரோ இருமிக்கொண்டே என் அம்மாவைக் கூப்பிட்டார்கள். கம்புகளைத் தட்டிய இருவர் தாவித் தப்பித்திருந்தார்கள். அம்மா குனிந்திருந்தாளாம். அப்பாவின் சட்டைக் கை மட்டும் வெளியே தெரிந்தது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

மண்டிக்காரர் அன்று மதியம் வந்தார். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, இடிந்த தளத்தைத்தான் முதலில் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகுதான் துணி போர்த்தியிருந்த பக்கம் திரும்பினார்.

ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்கே எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். வெங்காயத்தை வேறு யார் எடுப்பார்கள், அவரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் பிழைக்க முடியுமா, போன உயிர் திரும்புமா என்று அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். அப்பா தலையைக் குனிந்தே இருந்தார். போலீஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி அவசரப்பட்டு முட்டுக் கம்புகளை எடுத்ததால் நடந்த விபத்து என்று ஆனது. மேஸ்திரி கேரளாப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். தொட்டியடியில் நான் கேட்டதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது, பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம், "பொம்பளப் புள்ளய உள்ள போவச் சொல்லு" என்றார்.

தையில் நடக்க வேண்டிய கிரகப்பிரவேசம் வைகாசியில் நடந்தது. அதே இடத்தில் வேறு ஆட்களை வைத்துப் புதிதாகத் தளம் போட்டார்கள். இந்த முறை முட்டு மாதக்கணக்கில் நின்றது. மைக் செட்டுச் சத்தம் எங்கள் தெரு வரை வந்தது. எங்கள் தெருக்காரர்கள் சிலர் பந்திக்குப் போனார்கள். ஒரு பெண் எனக்கும் தம்பிக்கும் இலையில் லட்டு மடித்துக் கொண்டுவந்தாள். நான் அதைக் கோழிக்குப் போட்டேன். அவளோடு அதன் பிறகு வெகுகாலம் பேசவில்லை. பரீட்சை வந்தது, நான் எழுதவில்லை. வீட்டில் அடுப்பு மூட்ட ஆள் வேண்டியிருந்தது.

பங்களாவில் மண்டிக்காரர், அவர் மனைவி, கல்லூரியில் படித்த ஒரே மகன் மூவரும் இருந்தார்கள். சாயங்காலமானால் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பருத்தி எடுக்கப் போகிற வழி அதுதான். எங்கள் பெண்கள் அவரைப் பார்த்தால் இடுப்புச் சுமையோடு ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். நான் நிற்க மாட்டேன். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. நான் போகும்போது பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

பிறகு அந்த மகன் செத்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே, வெங்காயம் ஏற்றி நின்ற டிராக்டர் டிரெய்லரில் பைக்கைக் கொண்டுபோய் மோதினான். அவன் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்தவனில்லை. ஆனாலும் சேதி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் தோளைத் தொட்டு, "உங்கம்மா உட்டாளா பாத்தியா, கணக்க முடிச்சுட்டா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். என்னையும் சந்தோஷப்படச் சொன்னாள். ஒரு எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிறவள் என் அம்மா. அவள் ஊரான் பெற்ற பிள்ளையைக் கொன்றாள் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து வேகமாகப் பரவியது. போர்ட்டிகோவில் சட்டை போட்ட பொம்பளை நிற்கிறாள் என்றார்கள். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளிடம் தாய்மார்கள் அவள் பெயரைச் சொல்லிப் பயம் காட்டி ஊட்டினார்கள். உயிரோடு இருந்தபோது அதே பிள்ளைகளின் அக்கா அண்ணன்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள்.

அடுத்து மண்டிக்காரர் வீட்டு ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மாவின் பழைய சேலை ஒன்று வேண்டும் என்றான். எதற்கென்று அப்பா கேட்டார். பரிகாரம் செய்யத் துறையூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்திருப்பதாகவும், அவளைக் கட்டிவைத்தால்தான் அந்த வீட்டில் விளக்கெரியும் என்றும் சொன்னான். அப்பா எழுந்து கதவைச் சாத்தினார். அவர் கோபத்தைக் காட்டி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

சேலை இல்லாமலே கட்டினார்கள். பங்களாவின் பக்கவாட்டில் ஒரு புளியமரம் இருந்தது. வெயில் சாய்வதற்கு முன்னால் நான் போனபோது பூசை முடிந்திருந்தது. எலுமிச்சம்பழமும் குங்குமமும் சிதறிக் கிடந்தன. மரத்தில் மஞ்சள் துணி சுற்றி, அதன் நடுவே விரல் தடிமனில் ஓர் இரும்பாணியை அடித்திருந்தார்கள். அந்த ஆணியில்தான் என் அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம்.

கொத்தனார் சுத்தியல் ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதன் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பினேன். ஆணி பச்சை மரத்தில் இறுகியிருந்தது. கை தோல் உரிந்தது. மண்டிக்காரர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தார். மகன் போன துக்கத்தில் தலைகூட வாரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள வாழ உடச் சொல்லு புள்ள. ஒங்கம்மாவ எங்கள வாழ உடச் சொல்லு" என்றார்.

"எங்கம்மா இங்க இல்லைங்க. இருந்தா மொதல்ல எங்க வூட்டுக்குல்ல வருவாங்க? நாங்கல்ல அவங்க புள்ளைங்க. ஒங்க வூட்டுல அவங்களுக்கு என்ன வேல? உசுரோட இருந்தப்ப உள்ள வந்து தண்ணி குடிக்கக்கூட நீங்க உட்டதில்ல."

அவர் கையை விட்டுவிட்டார். நான் ஆணியைப் பிடுங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்குள் எறிந்துவிட்டுப் போனேன்.

இரண்டொரு மாதத்தில் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனார்கள். ஆணியைப் பிடுங்கியதால்தான் வீடு பாழானது என்று என் பெயரும் கதையில் சேர்ந்தது. கொஞ்ச நாளில் சீமைக்கருவேலம் வாசல்வரை வந்துவிட்டது. பேய்க்குப் பயந்த அதே ஊர்தான் பட்டப்பகலில் ஜன்னல் கண்ணாடி, குழாய், மாடிக் கதவு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப்போனது. குடித்துவிட்டு உள்ளே படுத்துக்கிடந்தவர்களும் உண்டு. வெளியே வந்ததும் உள்ளே கொலுசுச் சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். அம்மா கொலுசு போட்டதே கிடையாது.

எனக்கு அரியலூர்ப் பக்கம் கல்யாணமானது. வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் அந்த முக்கு வந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அப்படியும் பக்கத்து சீட்டில் யாராவது தன் கூட வந்தவரிடம் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை கல்லங்குறிச்சிக் கோயில் திருவிழாவில், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அந்தப் பேயைப் பற்றிப் பேசிக்கொண்டு சாப்பிட்டதைக் கேட்டேன். அவ்வளவு தூரம் போயிருந்தது.

சில வருஷம் கழித்து மண்டிக்காரர் மனைவி அரியலூருக்கு என் வீட்டைத் தேடி வந்தார். பாதியாக இளைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மண்டிக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விளங்கவில்லையாம். பங்களாவை விற்றுவிட நினைக்கிறார்களாம். வந்து பார்க்கிறவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்களாம். நான் ஊரார் முன்னால் வந்து, என் அம்மா அங்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"நீ அன்னிக்கே சொன்னியேம்மா. அதத்தான் நாலு பேரு முன்னாடி சொல்லச் சொல்றேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை, இன்றைக்கு அது தேவைப்படுகிறது. சொல்கிறேன் என்றேன். ஆனால் மண்டிக்காரரும் அங்கே வர வேண்டும், முட்டுக் கம்புகளை எடுக்கச் சொன்னது யார் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நான் சொல்கிறேன் என்றேன். அந்தம்மா முந்தானையைத் திருகினார். பிறகு சரி என்று போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மண்டிக்காரர் காரிலிருந்து இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே பேசினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. "விதி. மேஸ்திரி அவசரப்பட்டுட்டான். நானும்தான் எம் புள்ளய பறிகுடுத்தேன்." அவ்வளவுதான். அவர் மனைவி காருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் அவரைப் பார்த்துச் சொன்னேன். "எங்கம்மா அங்கதான் இருக்காங்க. நான் கண்ணால பாத்தேன். அந்த வூட்ட எவன் வாங்குனாலும் உட மாட்டாங்க."

மண்டிக்காரரின் நல்ல கை கார்க் கதவைத் தேடியது. கார் போன பிறகும் யாரும் என் பக்கத்தில் வரவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அத்தனை வருஷத்தில் அந்த ஆளை முதல்முறையாக அடித்துவிட்டதாக நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்கு அவரும் வந்து ஓரமாக நின்றிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஊரான் சொன்னான், பொறுத்துக்கிட்டேன். நீயும் அவள பேயின்னுட்டியே" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். சத்தம் போட்டேன். இத்தனை வருஷம் வாயே திறக்காதவர் இன்றைக்கு எதற்குத் திறக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டேன். நான் அன்றைக்கே பஸ் ஏறி அரியலூருக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா செய்ததைத் தம்பிதான் போனில் சொன்னான். மறுநாள் அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போயிருக்கிறார். போர்ட்டிகோவுக்குப் போகும் வழியில் முள்ளை வெட்டியிருக்கிறார். அம்மா விழுந்த இடத்தைக் கூட்டிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து அங்கேயே உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார். ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்களாம். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் போனார். சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துத் தூங்குவார். ஆட்டுக்காரர்கள் அவருக்குப் பக்கத்தில் வந்து நிழலுக்கு உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு பருத்தி எடுக்கப் போகிற பெண்கள். யாராவது கேட்டால், "எம் பொண்டாட்டி செத்த எடம். எனக்கில்லாத பயம் ஒனக்கென்ன?" என்பாராம். ஊர்ப் பயத்தைப் போக்கியதற்கு நன்றியாக ஒருநாள் மண்டிக்காரர் ஏற்பாட்டில் வந்த ஆள் அவருக்கு வேட்டி துண்டு கொண்டுவந்தான். அப்பா அதைத் தொடவில்லை. முட்டுக் கம்புகளை எடுக்கச் சொன்னது யார் என்பதை அந்த ஆளிடம் மட்டுமல்ல, நிழலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டுக் கண்டித்தும் நிறுத்தவில்லை. அவர்களில் பாதிப் பேர் அப்போது வெங்காயத்தை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தார்கள். மண்டிக்காரருக்குப் பயப்பட வேண்டிய தேவை அவர்களுக்கும் குறைந்திருந்தது.

வீடு விற்றுவிட்டது. நாமக்கல் பக்கத்து வியாபாரி ஒருவர் வாங்கி மக்காச்சோளக் குடோனாக்கினார். கூடத்தில் மூட்டை அடுக்க வசதியாக உள்சுவர்களை இடித்துவிட்டார்கள். தீவனத்துக்கு ஏற்றிப்போகும் லாரிகள் போர்ட்டிகோவுக்குள் பின்பக்கமாக வந்து நிற்கின்றன.

பொங்கலுக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். "அந்தாளு வூட்ட வித்துக் குடுத்தது நீங்கதான், தெரியுமா?"

"தெரியும்."

"அவனுக்கு நல்லது பண்ணிட்டு வந்து உக்காந்துருக்கீங்க."

"அவன் வித்துட்டுப் போறான். ஒங்கம்மா பேர சொல்லி இப்ப எவளும் புள்ளைக்கு சோறு ஊட்டறதில்ல" என்றார். பிறகு பேரப்பிள்ளைக்குக் கரும்பை நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்.

எனக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை. அரியலூர் மறுபடி தனி மாவட்டமான சமயத்தில் மண்டிக்காரர் திருச்சியில் இறந்தார். அவர் மனைவி ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அப்பா போய் மாலை போட்டுவிட்டு வந்தார். நான் அன்றைக்கு வீட்டில் துணி ஊறவைத்திருந்தேன், துவைத்துப் போட்டேன்.